வீடு கட்டும் குத்தகையாளரிடம் பணம் கொடுக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரிசையில் சேமநிதிப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் கூரையில்லாத சமையலறையோடு நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தோட்டத்துப் பிள்ளை என்று நம்பிவிடாதீர்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பாருங்கள். பணத்தைப் பங்கு பங்காகக் கொடுங்கள்: அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழுந்தால் ஒரு பங்கு. கடைசிப் பங்கு, நல்ல மழையில் கூரை ஒழுகவில்லை என்று கண்ட பிறகுதான். “சிமெண்டு விலை ஏறிவிட்டது அக்கா” என்று நடுவில் வந்து நிற்பார். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். கம்பியின் தடிமன்கூட அதில் இருக்க வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம், வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஆளைக் காணவில்லையா? 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்யுங்கள். ரசீது, படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.