கலைக்கூடமும் இதழும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கலைக்கூடம் திறந்து, கூடவே விமர்சன இதழும் கொண்டுவரும் இளைஞர்கள் வாடகை, விளக்கு, திறப்பு விழா என்று எல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் நாலு கண்காட்சி போட்டால் தானாகப் புரிந்துவிடும். எங்கள் தலைமுறை சூடுபட்ட இடங்களிலேயே இவர்களும் கை வைக்கிறார்களே, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

யாரைக் கேட்டு அட்டையில் போட்டீர்கள்?

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் "தாராளமாகப் போட்டுக்குங்க" என்பார். உடனே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். வாங்கியவருக்குச் சொந்தம் கேன்வாஸ் மட்டுமே. எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை ஓவியரிடம்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். புகைப்படம் எடுத்தவரின் உரிமை வேறு.

விமர்சனத்துக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு, 52ஆம் பிரிவில். கட்டுரை பேசுகிற ஓவியத்தை அதனருகே போட அது கைகொடுக்கும். அட்டைக்கும் நாட்காட்டிக்கும் அதை நம்பி இறங்காதீர்கள்.

ஒரு சிற்றிதழில் பைண்டிங் முடிந்து, கட்டுகள் பார்சலுக்குக் கிளம்பும் நேரத்தில் ஓவியரின் மகள் போன் செய்தார். அட்டையைப் பிய்த்தார்கள். முதுகுப் பசையும் சேர்ந்து பிய்ந்தது. புது அட்டை ஒட்டி, ஓரத்தை மறுபடி வெட்டியதில் பக்க எண்கள் பாதியாகிவிட்டன. அச்சகத்துக்கு இரண்டாவது பில் வேறு.

அனுமதி வாங்குபவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. எந்த நாடுகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும், 5 ஆண்டுகள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இதழோ யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. பிடிஎஃப் இணையத்திலேயே கிடக்கிறது. அச்சு, இணையம், உலகம் முழுவதும், இத்தனை ஆண்டுகள் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதிச் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் கட்டைவிரல் போதாது.

பார்க்காமல் எழுதுவது

கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012இல் தொடங்கியது. வீட்டிலிருந்தே அதற்கு விமர்சனம் எழுதுகிறவர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள். கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளைப் பரப்பி, கலைஞர் விவான் சுந்தரம் அந்த பினாலேயில் செய்த படைப்பு, புகைப்படத்தில் மேலிருந்து பார்த்த நகரம்போல இருக்கும். குனிந்து பார்த்தால்தான் அது உடைந்த பானையின் விளிம்பு என்று தெரியும். ரயில் டிக்கெட்டுக்குப் பணம் இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக்குச் செலவழியுங்கள்.

கண்காட்சியின் கேட்டலாகுக்கு உரை எழுதியவரிடமே அதற்கு விமர்சனமும் கேட்பது

கூடாது.

மழைக்காலத்தில் வரும் பெட்டிகள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் காகித ஓவியங்களுக்குப் பூஞ்சை பயம் உண்டு. ஏசி அறையில் ஒரு நாள் மூடியபடியே வைத்துவிட்டு, அப்புறம் பிரியுங்கள். மாட்டுவதற்கு முன் நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் படமெடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால், லாரிக்காரர் கிளம்பும் முன்பே டெலிவரி சீட்டில் அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.