கியோட்டோவில் சைக்கிள் எடுத்தால் செய்யக் கூடாதவை

ஜப்பானின் கியோட்டோவில் சைக்கிளை வாடகைக்கு எடுத்ததுமே, கின்காகுஜி, கியோமிஸு, ஃபுஷிமி இனாரி, அராஷியாமா எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து மேற்கே அராஷியாமா மட்டுமே 8 கிலோமீட்டருக்கு மேல். கியோமிஸு கோயில் இருப்பது கிழக்கு மலைச்சரிவில். அங்கே ஏறும் சன்னென்ஸாகா தெரு கற்படிகளாகப் போகிறது. சைக்கிள் வெறும் சுமைதான். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்.

அப்புறம், சரிவை மறந்துவிடுகிறோம். 794இல் தலைநகருக்காகக் கட்டம் கட்டமாகத் திட்டமிட்ட ஊர் என்பதால் வரைபடத்தில் சமதளமாகவே தெரியும். உண்மையில் வடக்கே போகப் போகத் தரை மெல்ல ஏறுகிறது. தெற்கே தோஜி கோயில் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 55 மீட்டர். அதன் உச்சியும் வடக்கே கிதாஓஜி தெருவின் தரையும் ஒரே மட்டம் என்று சொல்வார்கள். முகவரியிலும் வடக்கே போவதை 'அகரு' என்றும் தெற்கே போவதை 'சகரு' என்றும்தான் எழுதுகிறார்கள்: ஏறுவது, இறங்குவது. அதனால் காலையில் தெம்போடு வடக்கே ஏறிவிட்டு, மாலையில் காமோ ஆற்றங்கரை வழியாக இறங்கி வாருங்கள். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுவதன் சுகமே அந்த இறக்கத்தில்தான்.

பணமும் நேரமும் வீணாவது நிறுத்தும் இடத்தில். ஐந்து நிமிடம்தானே என்று நடைபாதை ஓரம் விட்டுப் போனால், சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதை வைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பணம் கட்டி மீட்பதற்குள் பாதி நாள் போய்விடும். காசு போட்டு நிறுத்தும் இடங்கள் ஊருக்குள் நிறைய உண்டு. சக்கரத்தைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து, நிறுத்திய இடத்தின் எண்ணை அழுத்திப் பணம் கட்டினால் திறக்கும். அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும் என்பதால் மற்ற பழக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன. நடப்பவர்களை விலக்க மணி அடிப்பது, டபுள்ஸ் போவது, குடை பிடித்து ஓட்டுவது எதுவும் அங்கே கூடாது. தலைகீழான சிவப்பு முக்கோணப் பலகையைப் பார்த்தால், தெரு காலியாக இருந்தாலும் நின்றுதான் போகவேண்டும். போனைக் கையில் பிடித்து வழி பார்த்தபடி ஓட்டினால், 2024 நவம்பரில் வந்த சட்டப்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். வழி பார்க்க ஓரமாக நின்றுவிடுங்கள்.

நிஷிகி சந்தையையும், கால்வாய் ஓரமாகப் போகும் தத்துவப் பாதையையும் நடந்தே பாருங்கள். பழைய அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்காவுக்கு மட்டும் சைக்கிளோடு போகாமல் இருக்காதீர்கள். அகலமான சரளைத் தரை நடுவே, தினம் போய்வருபவர்களின் சக்கரங்கள் போட்ட ஒற்றைத் தடம் ஒன்று ஓடுகிறது. அதை விட்டு விலகினால் சக்கரம் சரளையில் புதையும். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும். நீங்களே முதலில் இறங்குங்கள்.