சபையில் வீடு சந்திப்புக் குழு: முதல் அடியிலிருந்து தொடங்குவது எப்படி?

"ரெண்டு மாசமா படுத்துக் கிடக்கிறேன், ஐயர் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலை." இந்தக் குறை கேட்காத லுத்தரன் சபை இருக்காது. பெரும்பாலும் குறை சொல்பவர் பக்கமும் நியாயம் இருக்கும், ஐயர் (அதாவது சபைப் போதகர்) பக்கமும் இருக்கும். ஆராதனை, திருமணம், அடக்கம், கமிட்டிக் கூட்டம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே மனிதர் எல்லா வீட்டுக்கும் போய்வர முடியாது. சபையாரில் சிலரைப் பழக்கி அனுப்பினால்தான் உண்டு. அதை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். போதகர், மூப்பர், இதில் ஆர்வமுள்ள சாதாரண விசுவாசி என எல்லோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: எல்லையை முதலில் எழுதுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. இதைத் தள்ளிப்போடும் சபைகளில்தான் பிறகு "நீ என்ன குட்டி ஐயரா?" என்ற பேச்சு வருகிறது.

நம் மரபில் இதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற எல்லோருமே ஆசாரியர்கள்தான் என்று, நம் சபை மரபு யார் பெயரைத் தாங்குகிறதோ அந்த மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதினார். லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530இல் வந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவோ, முறையாக அழைக்கப்படாத யாரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருவருட்சாதனங்களை நடத்தவோ கூடாது என்கிறது. சிலர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு போதகரை ஓரங்கட்டுவார்கள். சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு சபையாரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் வேலைப் பங்கீடு தானாகவே கிடைத்துவிடும்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு வரியும் உண்டு. 1536 கடைசியில் லுத்தர் எழுதிய ஸ்மால்கால்ட் கோட்பாடுகள் என்ற விசுவாச விளக்கத்தில் சுவிசேஷம் நம்மிடம் வரும் வழிகளை வரிசைப்படுத்துகிறார்: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அறிவிக்கும் அதிகாரம். இவற்றோடு சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் சொல்லிக்கொள்வதையும் சேர்க்கிறார். வீடு சந்திப்பை ஐயருக்கு ஒத்தாசை என்ற அளவில் மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இந்த வரியை நம்பித்தான்.

ஒரே தாளில் இப்படி எழுதிவிடலாம். சந்திக்கப் போகிறவர் கேட்பார், வேதம் வாசிப்பார், ஜெபிப்பார், பாட்டுப் பாடுவார், தேவை இருந்தால் போதகரிடம் சொல்வார். ஒருவர் தனியாகப் பாவ அறிக்கை செய்ய விரும்பினால் போதகரை அழைப்பார். மருந்து பற்றி ஆலோசனை சொல்ல மாட்டார், பணம் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார், குடும்பச் சண்டையில் தீர்ப்பும் சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பவருக்குத் திருவிருந்து கொண்டுபோவது மட்டும் சினோடுக்கு சினோடு (சபைகளை நிர்வகிக்கும் அமைப்புக்கு அமைப்பு) மாறும். சில இடங்களில் ஞாயிறு ஆராதனையிலிருந்து எடுத்துப்போகப் பயிற்சி பெற்ற சபையாரை அனுமதிக்கிறார்கள், சில இடங்களில் போதகர் மட்டுமே. உங்கள் சபைச் சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். திருவருட்சாதனங்களைப் போதகரே நடத்த வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு, உயிர் போகும் அவசரம். அப்போது எந்தக் கிறிஸ்தவரும் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில், ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிறகு போதகரிடம் தெரிவித்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

படி 2: அறிவிப்பு செய்யாதீர்கள், கூப்பிடுங்கள்

பீடத்திலிருந்து "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவித்தால் பேசப் பிடித்தவர்கள்தான் முதலில் வருவார்கள். நமக்கு வேண்டியவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள். சபையில் யாருக்காவது கஷ்டம் வந்தால் அவர்கள் இப்போதே யாரைத் தேடிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த நான்கைந்து பேரைப் போதகர் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்கட்டும். ஆண், பெண், இளையவர் என்று கலந்திருந்தால் நல்லது. "ஒரு வருஷத்துக்கு மட்டும்" என்று காலம் குறித்தே கேளுங்கள். முடிவு தெரியாத பொறுப்புக்கு நல்லவர்கள் தயங்குவார்கள். வந்துவிட்டால் விலக வழி தெரியாமல் சோர்ந்துபோவார்கள்.

படி 3: பயிற்சியில் பாதி நேரம் கேட்கப் பழகுவதற்கே

லுத்தரன் வட்டாரத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1975இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், போதகரும் உளவியலாளருமான கென்னத் ஹாக் ஸ்டீபன் ஊழியம் என்பதைத் தொடங்கினார். அதில் சேரும் சபையாருக்கு 50 மணி நேரப் பயிற்சி. சிறிய சபை அத்தனை மணி நேரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆறு மாலைகள் போதும். ஆனால் அந்த அளவு நேரம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். பேச எல்லோருக்கும் வரும். வாயை மூடிக்கொண்டு உட்காரத்தான் பயிற்சி வேண்டும்.

முதல் மாலைக்கு யோபு 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. வாயைத் திறந்த பிறகுதான் வினை.

அடுத்து, இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் சந்திக்க வந்தவர். நோயாளி, "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது" என்கிறார்.

"கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துப்பார்." இது உண்மைதான், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அந்த அம்மா இனி "ஆமாம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு…" இப்போது பேச்சு வந்தவருடையதாகிவிட்டது.

"முழிச்சுக்கிட்டு இருக்கிறப்ப என்னம்மா நினைப்பு ஓடும்?" இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மகனைப் பற்றிய கவலையோ, சாவைப் பற்றிய பயமோ வெளியே வரும். ஜெபிக்க வேண்டிய விஷயமும் அதுதான்.

மூன்றையும் நடிக்க வைத்து, நோயாளியாக நடித்தவரிடமே எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒரு மணி நேர விரிவுரையில் புரியாதது அங்கே புரியும்.

மீதி நேரம் கையில் எடுத்துப்போக வேண்டியவற்றுக்கு: சங்கீதம் 23, 46, 121, ரோமர் 8இன் கடைசிப் பகுதி, அப்புறம் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். சபைகளைப் பார்வையிடப் போன லுத்தர், ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியாததைக் கண்டு நொந்துபோய்த்தான் 1529இல் அதை வெளியிட்டார். குடும்பத் தலைவன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதமாக எழுதப்பட்டதால் போதகர் அல்லாதவர் கையில் நன்றாகப் பொருந்தும். அதிலுள்ள காலை, மாலை ஜெபங்கள் நோயாளி வீட்டுக்கு அளவெடுத்தது போலவே இருக்கும்.

படி 4: கூடவே கூட்டிப்போங்கள்

முதல் இரண்டு சந்திப்பில் போதகர் பேசுவார், புதியவர் பார்ப்பார். அடுத்த இரண்டில் புதியவர் நடத்துவார், போதகர் சும்மா இருப்பார். போதகர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு குழுவில் இருவர் இருவராக அனுப்பலாம்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை எளியவை. போன் செய்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். போனதும் உங்கள் போனை அணைத்துவிடுங்கள். நின்றுகொண்டே பேசாமல், படுத்திருப்பவரின் கண் மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். இருபது நிமிஷம் தாராளம். ஜெபிக்கும் முன், "எதுக்காக ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள். கிளம்பும் முன், பார்த்துக்கொள்கிற மகளிடமோ மனைவியிடமோ "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நோயாளியைக் கேட்கப் பத்துப் பேர் வருவார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

நினைவு மங்கியவர்களைப் பார்க்கப் போனால் புதிய பகுதி எதையும் வாசிக்க வேண்டாம். பரமண்டல ஜெபத்தையோ பழைய ஞானப்பாட்டையோ மெதுவாகத் தொடங்குங்கள். உங்கள் பெயரை மறந்தவர்கள்கூட பல நேரம் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார்கள்.

படி 5: ரகசியம்

சபையில் வம்பு பரவ மிக வசதியான வழி ஜெபக் குறிப்பு. "அந்த வீட்டுக்காக ஜெபிச்சுக்கோங்க, விவரம் கேட்காதீங்க" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் விவரம் சொல்வார்கள். எனவே விதி கடுமையாகவே இருக்கட்டும்: சம்பந்தப்பட்டவர் அனுமதி இல்லாமல் பெயரும் வெளியே போகாது, கதையும் போகாது. நோட்டில் எழுதுவது தேதி, வீடு, போதகர் வர வேண்டுமா இல்லையா என்பது மட்டும்.

ஆனால் ஒருவர் தற்கொலை பற்றிப் பேசினாலோ, குழந்தைக்கோ முதியவருக்கோ கொடுமை நடப்பதாகத் தெரிந்தாலோ அதை மறைக்கக் கூடாது. அன்றைக்கே போதகரிடம் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு சொல்லலாம். அதனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்த வீட்டிலும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 6: ஆராதனையில் ஏற்படுத்துங்கள், மாதம் ஒருமுறை கூடுங்கள்

பயிற்சி முடிந்ததும் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபித்து அனுப்புங்கள். இது குருப்பட்டம் அல்ல என்பதையும், இவர்கள் சபையின் சார்பில்தான் வருகிறார்கள் என்பதையும் போதகர் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறப்பவர், "ஐயர் வரலையா?" என்று வாசலைத் தாண்டி எட்டிப் பார்ப்பார். எப்படியும் சில மாதங்களுக்கு அந்தக் கேள்வி வரும். "திருவிருந்து கொடுக்க ஐயர் வருவார், இன்னைக்கு நாங்க உங்களைப் பார்க்க வந்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழக்குங்கள்.

மாதக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை வீடு என்று கணக்குக் கேட்காமல், எந்தச் சந்திப்பு மனதை அழுத்துகிறது என்று கேளுங்கள். அடுத்தடுத்து மரணங்களைப் பார்த்தவருக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள்.

தொடக்கத்தில் மூன்று வீடு போதும். பட்டியல் போடும்போது பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, சமீபகாலமாகத் திருவிருந்துக்கு வராதவர்களின் பெயர்களைப் பாருங்கள். அவர்களில் "ஐயர் வரலை" என்று குறைகூடச் சொல்லாதவர்கள் இருப்பார்கள். அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள்.