குடல்புழுப் பரிசோதனைக்கு மல மாதிரியைக் கெடாமல் வைப்பது எப்படி?

லேப் பக்கத்திலேயே இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. மாதிரியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த வண்டி நாளைக்குத்தான், ஃபிரிட்ஜும் இல்லை என்ற இடத்தில் வேலை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அவசரம் கொக்கிப்புழுவால்தான். அதன் முட்டை வெக்கையில் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் அதைவிடக் கெட்டி.

1. கரைசல். மாதிரியைக் கெடாமல் காப்பது ஃபார்மலின். கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் 37–40% ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் 1 பங்கும், உப்புக்கரைசல் (1 லிட்டர் தண்ணீருக்கு 8.5 கிராம் உப்பு) 9 பங்கும் சேர்த்தால் அதுதான் 10% ஃபார்மலின். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குத்தான் போகிறோம்.

2. டப்பா. திருகு மூடி போட்ட, அளவுக் கோடுள்ள பிளாஸ்டிக் குழாய்தான் என் தேர்வு. 9 மி.லி.யிலும் 12 மி.லி.யிலும் கோடு போட்டு, 9 வரை ஃபார்மலினை முன்பே ஊற்றி வைத்துவிடுவேன். மலம் சேர்த்ததும் 12-ஐத் தொட வேண்டும். ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு இப்படித் தானாகவே வந்துவிடும்.

3. எடுப்பது. சுத்தமான காகிதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரோ மண்ணோ கலக்கக் கூடாது. மண்ணிலேயே வாழும் புழுக்கள் உண்டு, அவை பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

4. கரைப்பது. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஆரம்பத்தில் கட்டியை அப்படியே ஃபார்மலினில் போட்டு மூடிவிடுவேன். மூன்றாம் நாள் ஒரு கட்டியை உடைத்தபோது, வெளிப்புறம் ரப்பர் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் பழைய நிறமும் பழைய வாடையும் அப்படியே இருந்தன. ஃபார்மலின் உள்ளே போகவே இல்லை. நடுப்பகுதியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முட்டைக்குப் பதில் பொரிந்த லார்வாக்கள் (இளம்புழுக்கள்). அதைப் பார்த்து ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் (மலத்தில் லார்வாவாகவே வெளிவரும் வேறொரு குடல்புழு) என்று எழுதிவிடுவது மிகவும் எளிது. வாய்க்குழி நீளமா குட்டையா என்று பார்த்துத்தான் பிரித்தோம். நீளமாக இருந்தால் கொக்கிப்புழு. அந்த ஒரு குழப்பத்தில் ஒருவருக்குத் தவறான மருந்து போயிருக்கும்.

அதனால் மரக்குச்சியால் குழாயின் பக்கச் சுவரில் வைத்து நசுக்குங்கள், ஒரு கட்டியும் மிஞ்சாமல் கூழாகும் வரை. கெட்டி மலம் என்றால் பொறுமையாக ஓரிரு நிமிடம் பிடிக்கும். அப்புறம் மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். ஃபார்மலினில் இருந்தாலும் உருண்டைப்புழு முட்டை சுலபத்தில் சாகாது, கையுறையைக் கழற்றிவிடாதீர்கள்.

5. பெயர்ச்சீட்டு. எண், தேதி, எடுத்த நேரம்.

எதற்கு ஃபார்மலின் ஆகாது? காட்டோ-காட்ஸ் முறைக்கு (மலத்தை ஸ்லைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய தாளால் மூடி, முட்டைகளை எண்ணும் முறை) புதிய மலம்தான் வேண்டும். அந்த ஸ்லைடிலும் கொக்கிப்புழு முட்டையை ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிட வேண்டும், பிறகு கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாது. பி.சி.ஆர். (புழுவின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை) செய்வதானால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும், 95% எத்தனாலில் வையுங்கள். லார்வா வளர்ப்புச் சோதனை என்றால் எதுவும் சேர்க்காமல், ஃபிரிட்ஜிலும் வைக்காமல் உடனே அனுப்புங்கள். எந்தச் சோதனை என்பதை லேபில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பிற்சேர்க்கை: எத்தனாலில் வைத்த குழாய்களில் மார்க்கர் எழுத்து முழுக்க அழிந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு துளி கசிந்தாலே போதும், மை கரைந்துவிடும். சீட்டில் பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள்.

இன்னொன்று: கீரிப்பூச்சி சந்தேகம் என்றால் மலத்தில் தேடுவது பெரும்பாலும் வீண். அது ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் இரவில் முட்டையிடும். காலையில் குளிக்கும் முன், மலம் கழிக்கும் முன், அங்கே டேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் ஒட்டிக் கொடுங்கள்.