செலவழித்தால் டிக்கெட்: டிஜிட்டல் கார்டு குலுக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இந்த வாரம் 50 டாலருக்கு வாங்கினால் குலுக்கலில் ஒரு டிக்கெட்” என்கிற மாதிரி அறிவிப்புகள், சேகரிப்புக்கான டிஜிட்டல் கார்டுகளை வாங்கி விற்கும் இணையச் சந்தைகளில் அடிக்கடி வரும். காசு கார்டுக்குத்தானே போகிறது, டிக்கெட் சும்மாதானே கிடைக்கிறது என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் ஆட்டங்களின் சிறு வீடியோக்களைக் கார்டுகளாக விற்கும் டாப் ஷாட்டில், கார்டை மறுபடி விற்றால் 5 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். அதே விகிதத்தை வைத்துக்கொள்வோம். டிக்கெட்டுக்காகவே 50 டாலருக்கு வாங்கிய கார்டை அதே விலைக்கு விற்றால் கைக்கு வருவது 47.50. ஆக, டிக்கெட்டின் விலை இரண்டரை டாலர். பரிசு 400 டாலர் கார்டு, மொத்தம் 2,000 டிக்கெட் என்றால் ஒரு டிக்கெட்டின் மதிப்பு வெறும் 20 சென்ட். அத்தனை கார்டுகளும் இப்படி ஒரு முறை கைமாறினால் வியாபாரம் ஒரு லட்சம் டாலர், கட்டணமே 5,000 டாலர். பரிசு யார் காசில் வருகிறது என்று இதிலேயே தெரிந்துவிடும். மொத்த டிக்கெட் எத்தனை என்று சொல்லாத, ஒருவருக்கு இத்தனைதான் என்று வரம்பும் வைக்காத குலுக்கலில் கலந்துகொள்ளவே வேண்டாம் என்பேன்.

அதே விலைக்கு விற்றுவிடலாம் என்பதும் பல நேரம் நடக்காது. சலுகை நாட்களில் எல்லோரும் ஒரே கார்டுகளைத் தேடி வாங்குவதால் விலை ஏறும். குலுக்கல் முடிந்ததும் எல்லோரும் விற்க வருவார்கள், விலை இறங்கிவிடும்.

அப்புறம், 400 டாலர் என்பது யார் சொன்ன விலை? விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள், கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். ஒரே கார்டின் பிரதிகளுக்கு வரிசை எண் உண்டு, அதில் 1-ஆம் எண்ணுக்கும் வீரரின் ஜெர்சி எண்ணுக்கும் தனி மவுசு உண்டு. அந்த விற்பனைகளை வைத்துச் சாதாரண எண்ணுக்கு விலை போடக்கூடாது.

நண்பரோடு மாற்றி மாற்றி வாங்கி டிக்கெட் சேர்ப்பது ஆபத்து. தளம் அதைக் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கினால் உள்ளே இருக்கும் கார்டுகளும் மாட்டிக்கொள்ளும்.

விதிகளின் அடிப்பகுதியைப் படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. அமெரிக்காவில் பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுக்கும் காசு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. தனியார் நிறுவனம் அதை நடத்த முடியாது. அதனால்தான் அங்கே பல குலுக்கல்களில் எதையும் வாங்காமலே நுழைய ஒரு வழி வைத்திருப்பார்கள். அது உங்கள் நாட்டில் இருப்பவர்களுக்கும் உண்டா என்று பார்த்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். கெடு இரவு 11.59, பசிபிக் நேரம் என்று இருந்தால் இந்தியாவில் அது மறுநாள் பகல் 12.29, அங்கே குளிர்காலமானால் 1.29.

வரியையும் மறந்துவிடக்கூடாது. இந்தியாவில் என்எஃப்டி (இந்த மாதிரி, பிளாக்செயினில் உரிமை பதிவாகும் டிஜிட்டல் பொருள்) விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒரு கார்டின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. டிக்கெட்டுக்காக இருபது கார்டு வாங்கி விற்று, பத்தில் லாபமும் பத்தில் நஷ்டமுமாகக் கூட்டிக்கழித்து ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், லாபம் வந்த பத்துக்கு வரி கட்டியாக வேண்டும்.