சீமெந்தைத் தட்டி எடுத்திட்டு சுண்ணாம்பு பூசுங்கோ

அம்மம்மாவின்ர நாற்சார் வீட்டுச் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில பூச்சு உதிருதெண்டு மாரிக்கு முன்னம் நான் சீமெந்து பூசினன். தை பிறக்க முதல் பாளம் பாளமாக் கழண்டுது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்க உப்புப் பூத்திருந்தது.

பங்குனி வெயிலில சீமெந்தை உளியால தட்டி எடுங்கோ. உப்பைக் காய்ஞ்ச தும்புத்தடியால தட்டிக் கூட்டி அள்ளுங்கோ. தண்ணி ஊத்தினால் சுவர் உப்பைத் திரும்ப இழுத்துப்போடும். ரெண்டு கிழமையாவது ஊறின சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. மேசன் கரண்டியைக் கவிழ்த்தாலும் சாந்து ஒட்டி நிக்கோணும். சுவரை நனைச்சு, ஒருக்காலுக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல போகாமல் பூசி, ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கோ. கலக்கேக்க கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ, சுண்ணாம்பு சுட்டுப்போடும்.