அறுபதுக்கு மேல் சிலம்பம்: கம்புக்கு முன்னால் காலடி

காரைக்குடிப் பக்கம் சிலம்பம் என்றதும் திருவிழாவில் விர்ரென்று சுற்றும் கம்புதான் கண்ணில் நிற்கும். வயதானவர்களுக்கு அந்தச் சுற்றல் இப்போதைக்கு வேண்டாம். தடுமாறாமல் நடக்க உதவுவது சிலம்பத்தின் காலடி. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

முதலில் ஒரு சோதனை. வளவுத் தூணை ஒட்டி நின்று, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி வையுங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியவில்லையா? பக்கத்தில் ஆள் இல்லாமல் பழகாதீர்கள். தலைசுற்றல் உள்ளவர்களும் மூட்டு ஆபரேஷன் செய்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் வழுக்கும். துடைத்துக் காயவிட்டு, வெறுங்காலோடு நில்லுங்கள். சாக்ஸ் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டுங்கள். ஆச்சிமார் கண்டாங்கிக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

1. நிலை: தோள் அகலத்துக்குக் காலை அகட்டி, முழங்காலைச் சற்றே மடக்குங்கள். ஒரு கை தூணில் இருக்கட்டும். உடல் எடையை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மெதுவாக மாற்றுங்கள்.

2. முன் காலடி: குதிகாலை ஊன்றி, பிறகு பாதம். பழைய இடத்துக்குத் திரும்புங்கள். காலுக்கு 5 தடவை.

3. பின் காலடி: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கதவைத் திறக்கும்போதும், எதிரே வருபவருக்கு வழி விடும்போதும் நாம் பின்னால்தான் கால் வைக்கிறோம். அதை யாரும் பழகுவதில்லை. முதலில் விரல் நுனி தரையைத் தொடட்டும். அடுத்து குதிகால் இறங்கட்டும். அது நன்றாகப் பதிந்த பிறகே எடையை மாற்றுங்கள். எல்லாருக்கும் கண் தரைக்குத்தான் போகும். தலை குனிந்தால் உடலும் சாயும். எதிரே வாசல் நிலையில் இருக்கும் மரவேலைப்பாட்டில் ஒரு பூவைப் பார்த்தபடி கால் வையுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்க மாட்டீர்கள். தூணைப் பிடித்த கை ஒரு விரலாகக் குறையும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

4. திரும்புதல்: பாதம் முதலில், உடல் பிறகு. முழங்காலைத் திருகாதீர்கள்.

5. கம்பு: வழக்கமாக நெற்றி உயரம் இருக்கும். உங்களுக்கு நெஞ்சு உயரத்தில் எடை குறைந்த மூங்கில் போதும். முதலில் ஊன்றிக்கொண்டு காலடி வையுங்கள். தடுமாற்றம் போனதும் இரு கையாலும் நெஞ்சுக்கு நேரே குறுக்காகப் பிடித்து, முன் காலடிக்கு வல நுனியையும் பின் காலடிக்கு இட நுனியையும் உயர்த்துங்கள். தோளுக்கு மேலே தூக்க வேண்டாம்.

10 நிமிடம் போதும். மூட்டு குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பேரப்பிள்ளைகள் கம்போடு ஓடி வந்தால் முற்றத்துக்கு அனுப்புங்கள். வீச்சுக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது.